பத்திலிருந்து ஒன்று வரை

வானத்தில் எதையாவது பார்த்துவிட்டால் அக்காவுக்கு அதை ஒரு நிமிஷத்துக்கு மேல் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, சொல்லியாக வேண்டும். தெரிந்தவர், தெரியாதவர், அவசரமாகப் போகிறவர், உட்கார்ந்தபடி தூங்குகிறவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. "சொல்லலைன்னா வயிறு வலிக்கும்டீ" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு புரட்டாசி மாதத்தில் அவர் நிஜமாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது நம்பினேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். பெங்களூர் கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். அதன் மாடியில் டிரங்க் போர்டுக்கு முன்னால் எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். வெளியூருக்குப் பேச வேண்டியவர்கள் எங்களிடம் பதிந்துவிட்டுக் காத்திருப்பார்கள். போர்டில் விளக்கு எரிந்தால் ஒயரைச் செருகி, கீயைத் தள்ளி, "நம்பர் ப்ளீஸ்" என்போம். எனக்குப் பத்தொன்பது வயது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஹெட்செட் காதை நசுக்க, எந்த ஒயர் எந்தத் துளைக்கு என்று தெரியாமல் வேர்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டு வந்து, என் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பியது.

"மேல பாரு, மேல பாரு! ரெண்டு பருந்தும் காலைக் கோத்துக்கிட்டுச் சுத்துது!"

"அக்கா, லைட் எரியுதுக்கா."

"எரியட்டும். அது நாள் பூரா எரியும். இது போயிடும்டீ."

அன்றைக்கு எனக்குத் தெரிந்த பறவைகள் மொத்தம் மூன்று. காக்கா, குருவி, கோழி.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ரிச்சர்ட்ஸ் டவுனில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். குள்ளம். புடவைக்கு மேல் வெயிலானாலும் மழையானாலும் ஒரு மரூன் ஸ்வெட்டர், அதன் பாக்கெட்டில் பெப்பர்மிண்ட். எந்நேரமும் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்தே கொஞ்சம் பின்னால் சாய்ந்துவிட்டிருந்தது. "மாதா கோயில்ல பீடத்தைவிட ஜன்னலைத்தான் அதிகம் பார்க்கிறாங்க" என்று தம்பி மனைவி என்னிடமே குறைபட்டிருக்கிறார். சொல்லும்போது அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு நாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். மழை விட்ட ஐப்பசிக் காலை. அக்கா திடீரென்று எழுந்து நின்று, "யப்பா கண்டக்டர், வெளியே பாரு!" என்றார். கறுப்பில் நீலப் புள்ளி போட்ட பட்டாம்பூச்சிகள், ஆயிரக்கணக்கில், கிழக்கேயிருந்து மேற்கே ஒரே திசையாகப் போய்க்கொண்டிருந்தன. வண்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மேலேயும். கண்டக்டர், "டிக்கெட் வாங்கும்மா மொதல்ல" என்றார். "அதுங்க எல்லாம் டிக்கெட் வாங்காமத்தானே போகுது, அதைப் போய்க் கேளு" என்றார் அக்கா. கண்டக்டர் குனிந்து பார்த்தார். பார்த்தவர் விசில் ஊதுவதை மறந்துவிட்டார். எங்கள் ஸ்டாப்பையும் தாண்டி இன்னும் இரண்டு ஸ்டாப் தாண்டித்தான் வண்டி நின்றது. இறங்க வேண்டியவர்கள் சண்டை போடவில்லை, அவர்களும் ஜன்னலுக்கு வெளியேதான் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் தம்பி மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கோயில் வாசலில் குடும்பப் படம். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, வெளியே வந்து, "எல்லாரும் இங்கே பாருங்க, அசையாதீங்க" என்று விரலைத் தூக்கினார். அந்த விநாடியில்தான் கூழைக்கடாக்கள் பதினேழு, அம்பு முனை மாதிரி வரிசை கட்டி, அல்சூர் ஏரிப் பக்கம் போயின. அக்காவால் முடியுமா? "மேல பாரு!" என்றார். அந்தப் படம் இன்னும் அந்த வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பெண், பெண்ணின் அப்பா, அம்மா, சாமியார், நான் உட்பட முப்பது பேரும் வாயைப் பிளந்துகொண்டு ஆகாயத்தைப் பார்க்கிறோம். மாப்பிள்ளை மட்டும் கேமராவைப் பார்க்கிறார். அவர் அந்தக் குடும்பத்துக்குப் புதுசு.

இதெல்லாம் சில்லறை. அக்காவின் வருஷத்தில் பெரிய பண்டிகை ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள எங்கள் வேலையில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

காலை ஏழு மணிக்கு வெளியூர் லைன் ஒவ்வொன்றையும் பரிசோதிப்போம். இந்த முனையில் நாங்கள் ஏதாவது பேச வேண்டும். அந்த முனையிலிருக்கும் ஆபரேட்டர் தெளிவாகக் கேட்கிறதா என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு அவளும் ஏதாவது பேச வேண்டும். எல்லாரும் ஒன், டூ, த்ரீ என்று பத்துவரை எண்ணுவார்கள். எண்ணித்தான் ஆக வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் அக்கா எண்ணமாட்டார். கண்டோன்மெண்டில் வளர்ந்தவருக்கு உருது தண்ணீர் பட்ட பாடு. ஹைதராபாத் லைனைப் போட்டதும், "மெஹ்மான் ஆயா க்யா?" என்பார். விருந்தாளி வந்தாச்சா என்று கேள்வி. "நை ஆயா, ஆபா", வரலை அக்கா, என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் வருத்தத்தோடு சொல்லும்.

விருந்தாளி வேறு யாருமில்லை, வாலாட்டிக் குருவி. சாம்பல் முதுகு, எலுமிச்சை மஞ்சளில் வயிறு, உடம்புக்குப் பொருந்தாத நீள வால். அந்த வால் ஒரு நொடி சும்மா இருக்காது, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். இமயமலைப் பக்கமிருந்து குளிருக்குப் பயந்து கிளம்பி, புரட்டாசியில் நம் ஊர் வரும். நாக்பூரில் பார்த்ததும் நாக்பூர்ப் பெண் ஹைதராபாத்துக்குச் சொல்வாள். ஹைதராபாத் எங்களுக்கு. நாங்கள் சேலத்துக்கு. எங்கள் எக்ஸ்சேஞ்ச் முன்பக்க போர்டிகோவின் மேல்தளத்தில் மொட்டை மாடித் தண்ணீர் டாங்க் சொட்டி எப்போதும் ஈரமாக இருக்கும். வருஷா வருஷம் அந்த ஈரத்தில்தான் விருந்தாளி வந்து இறங்கும். ஜன்னலிலிருந்து பார்த்தால் நேர் கீழே. இந்தப் பெண்களில் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒரு குருவி தெற்கே வருவது அத்தனை பேருக்கும் தெரியும்.

என் முதல் புரட்டாசியில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. அக்காவுக்குச் சளி, இரண்டு நாள் லீவு. போர்டிகோவில் ஒரு குருவி வாலை ஆட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். கை கால் ஓடவில்லை. மறுநாள் பரிசோதனையில் சேலத்துக்குச் சொல்லிவிட்டேன். சேலம் கோயமுத்தூருக்குச் சொன்னது, கோயமுத்தூர் திருச்சிக்கு. அக்கா வந்து, ஜன்னல் வழியாகப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடிப்பாவி, கறுப்பு வெள்ளையா, புருவத்துல கோடு போட்டுக்கிட்டு நிக்கிறானே, இவன் உள்ளூர்க்காரன்டீ! வருஷம் பூரா நம்ம டாங்க் மேலதான் குடியிருக்கான். அவனுக்கு ரேஷன் கார்டே இருக்கு!"

மறுநாள் காலை அக்கா சேலத்தைக் கூப்பிட்டு, "பெங்களூர் கொடுத்த சேதி தப்பு. வாபஸ்" என்றார். சேலத்துப் பெண், "ஐயையோ அக்கா, கோயமுத்தூர்ல ஒருத்தி தானும் பார்த்தேன்னு சொல்லிட்டாளே!" என்றாள். அக்கா சிரித்த சிரிப்பில் ஹெட்செட் கழன்று விழுந்தது.

மூன்றாவது வருஷம் புது சூப்பர்வைசர் வந்தார். மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் நீலப் பென்சில். அவர் மேஜையிலிருந்து எந்த லைனில் யார் என்ன பேசினாலும் கேட்க முடியும். அதுவரை இருந்தவர்கள் அந்த வசதியைப் பயன்படுத்தியதில்லை. இவர் முதல் வாரமே பயன்படுத்தினார். இரண்டாவது வாரம் பலகையில் உத்தரவு ஒட்டியாயிற்று. லைன் பரிசோதனையில் ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்களைத் தவிர ஒரு சொல்லும் பேசக்கூடாது. போர்டில் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு கூடாது. மீறுகிறவர் ஒரு மாதம் ரெக்கார்டு ரூமுக்கு மாற்றப்படுவார்.

ரெக்கார்டு ரூம் கீழே, மாடிப்படிக்கு அடியில். வெளியூர் அழைப்பு ஒவ்வொன்றுக்கும் நாங்கள் எழுதிய பழைய டிரங்க் டிக்கெட்டுக் கட்டுகள், பாச்சை உருண்டை வாசனை, நாற்பது வாட் பல்பு ஒன்று. ஜன்னல் கிடையாது. சம்பளம் குறையாது, வேலையும் போகாது, வேறு யாருக்கும் அது பெரிய தண்டனை இல்லை. அக்கா அந்த உத்தரவைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்தார். "புரட்டாசிடீ. ஜன்னல் இல்லாம ஒரு மாசம். செத்துடுவேன்" என்றார். சிரிக்காமல் அவர் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து அக்கா வாயில் பெப்பர்மிண்ட் அடக்கிக்கொண்டார். வானத்தில் ஏதாவது தெரிந்தால் ஒன்று, பெரிதாகத் தெரிந்தால் இரண்டு. இரண்டு கன்னமும் உப்பியிருந்தால் மேலே ஏதோ நடக்கிறது என்று நாங்கள் புரிந்துகொள்வோம். பரிசோதனையில் ஒழுங்காக ஒன் டூ த்ரீ எண்ணினார், ஆனால் இழவுச் செய்தி சொல்வது போல எண்ணினார். ஹைதராபாத்தும் அதே குரலில் எண்ணியது.

ஒரு காலை அக்கா எண்ணி முடித்ததும் ஹைதராபாத்திலிருந்து பதில் வந்தது. "டென், நைன், எய்ட், செவன்..." அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சின்னக் குரல் துள்ளித் துள்ளி ஒன்றில் வந்து நின்றது. விருந்தாளி ஹைதராபாத் வந்தாயிற்று! அக்கா என் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்: "பத்து நம்பரும் சொல்லிட்டா பாரு. எந்தப் பக்கத்துலேருந்து எண்ணணும்னு ஆர்டர்ல போடலியே!" உடனே சேலம் லைனைப் போட்டுத் தலைகீழாக எண்ணினார். சேலத்துப் பெண் ஒரு நொடி திகைத்தாள். பிறகு அவளும் பத்திலிருந்து இறங்கி வந்தாள். சூப்பர்வைசர் மேஜையிலிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன், நாற்காலி காலி. கொஞ்ச நேரம் கழித்து மொட்டை மாடிப் படியிலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்தார். "டாங்க் லீக்காகுது, பார்த்துட்டு வந்தேன்" என்றார். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஆறு நாள் கழித்து, காலை பத்தரை மணி. போர்டு முழுக்க விளக்கு. ஒரு வியாபாரி ஹைதராபாத்துக்குப் பேசிக்கொண்டிருந்தார், இணைப்பு என் கையில். தற்செயலாக அக்காவைப் பார்த்தேன். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. முகம் ஸ்வெட்டர் நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு கையால் ஒயரைச் செருகிக்கொண்டே இன்னொரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். அவருக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் சூப்பர்வைசர் நீலப் பென்சிலோடு நின்றிருந்தார். மறுநாள் ஏழு மணிப் பரிசோதனைக்கு இன்னும் இருபது மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அக்காவின் பார்வை போன வழியே எட்டிப் பார்த்தேன்.

போர்டிகோ ஈரத்தில் விருந்தாளி. எலுமிச்சை மஞ்சள். வால் மேலும் கீழும், மேலும் கீழும்.

"வந்துடுச்சு! அக்கா, வந்துடுச்சு! வால் ஆடுது, ஐயோ வால் ஆடுது பாருங்கக்கா!"

கத்தியது நான்தான். என் பேச்சுக் கீ திறந்தே இருந்தது. அதாவது அந்த வியாபாரியின் காதிலும், ஹைதராபாத்தில் அவரோடு பேசிக்கொண்டிருந்தவர் காதிலும், நடுவிலிருந்த ஹைதராபாத் பெண்ணின் காதிலும் கத்தினேன். கடைசியானவள் மட்டும் "யா அல்லாஹ், முபாரக்!" என்று வாழ்த்திப் பதிலுக்குக் கத்தினாள்.

வியாபாரியின் புகார் மத்தியானமே வந்துவிட்டது. சூப்பர்வைசர் அதை எல்லார் முன்னாலும் வாசித்தார். "மூன்று நிமிஷத்துக்குப் பதிந்த அழைப்பில் கால் நிமிஷம் ஒரு பெண் ஏதோ வாலைப் பற்றிக் கூச்சலிட்டாள். என் தொழிலுக்கும் வாலுக்கும் சம்பந்தமில்லை." வாசிக்கும்போது அவர் உதடு ஒரு பக்கம் இழுத்தது. கோபம் என்று நினைத்தேன்.

அக்கா எழுந்து நின்றார். "மேடம், அது என் குருவி. நான்தான் இவளைப் பழக்கி விட்டேன். என்னை அனுப்புங்க."

"கத்தினது யாரு?"

"நான்தான் மேடம்" என்றேன்.

"ஒரு மாசம்" என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா ரெக்கார்டு ரூமுக்குப் பிளாஸ்கில் காப்பியோடு வந்தார். டிக்கெட்டுக் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து, பல்பைப் பார்த்தார், நாலு சுவரையும் பார்த்தார். "எனக்கு வந்திருக்க வேண்டிய ரூம்டீ இது. ஏண்டி கத்தினே?" என்றார். "சொல்லலைன்னா வயிறு வலிக்கும்கா" என்றேன். அவர் அழ ஆரம்பித்தார். அழுதுகொண்டிருந்தவர் எப்போது சிரிக்க ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் சேர்ந்துகொண்டேன். அந்த மாதிரி ஒரு மனுஷி என் முகவாயைப் பிடித்துத் திருப்பியிராவிட்டால் நான் வாழ்நாள் முழுக்க விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

இரண்டு நாள் கழித்து ரெக்கார்டு ரூம் டெலிபோன் அடித்தது. அது ஒரு கிழட்டுக் கருவி, கட்டடத்துக்குள் மட்டும் பேசலாம். எடுத்தேன். "லைன் டெஸ்ட்" என்றார் அக்கா, சர்க்கார் குரலில். "டென், நைன், எய்ட், செவன்..." எண்ணி முடித்துவிட்டு வைத்துவிட்டார். உள் லைன்களையும் தினம் ஒரு தடவை பரிசோதிக்க வேண்டும் என்று ஏதோ ஒரு பழைய விதியை அவர் தோண்டி எடுத்திருந்தார். எந்த நேரத்தில் என்று அந்த விதியில் இல்லை.

பின்கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்கு ஓடினேன். எந்தத் திசையில் பார்ப்பது? அண்ணாந்தால் பின்பக்க மாடி ஜன்னலிலிருந்து மரூன் ஸ்வெட்டர் கை ஒன்று வெளியே நீண்டு, கிழக்கே காட்டிக்கொண்டிருந்தது. டெலிபோன் கம்பிகள் நாலிலும் தகைவிலான் குருவிகள், விரல் வைக்க இடமில்லாமல். எங்கள் கம்பிகள்! அந்தக் குருவிகளின் காலடியில் யார் யாரோ சேலத்துக்கும் மதராசுக்கும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றிலிருந்து பத்து வந்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தம், காப்பியைக் குடித்துவிட்டுக் கட்டுகளை அடுக்குவேன். பத்திலிருந்து ஒன்று வந்தால் ஓட்டம். ஒரு நாள் சூரியனைச் சுற்றி வட்டம். ஒரு நாள் மழை மேகத்துக்குக் கீழே பருந்துகள் முப்பது நாற்பது, கடையில் மாவு கலக்குவது போலச் சுற்றின. இன்னொரு நாள் நான் ஓடி வந்தபோது மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் சூப்பர்வைசரின் தலை தெரிந்தது. டாங்கைப் பார்க்க வந்திருக்கிறார் என்று பயந்து நாவல் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அன்றைக்கு அக்கா என்ன காட்டினார் என்று கடைசிவரை பார்க்க முடியவில்லை.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. பழைய டிக்கெட் எதையோ தேடி சூப்பர்வைசர் ரெக்கார்டு ரூமுக்கே வந்துவிட்டார். கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். டெலிபோன் அடித்தது. அது அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் பாய்வதற்குள் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அமைதியான அறை. எனக்கே கேட்டது. "லைன் டெஸ்ட். டென், நைன், எய்ட்..."

அடுத்து அக்காதான் இந்த அறைக்கு. ஜன்னல் இல்லாமல், ஐப்பசி முழுக்க. "மேடம், அது... லைன் சரியாயிருக்கான்னு..." என்று ஏதோ உளறினேன். சூப்பர்வைசர் ஒரு விரலைத் தூக்கி என்னை அடக்கிவிட்டு, ஒன்று வரை முழுசாகக் கேட்டார். ரிசீவரை வைத்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்து மறுபடி மாட்டினார்.

"என்ன நிக்கிறே? பேக, பேக, சீக்கிரம்! ஒவ்வொரு தடவையும் நான் மொட்டை மாடிக்கு ஏறறதுக்குள்ள அது போயிடுது. எந்தப் பக்கம் பார்க்கணும்னும் தெரியல. உனக்கு மட்டும் எப்படிம்மா கிடைக்குது?"

கஞ்சிப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் எனக்கு முன்னால் ஓடினார். முற்றத்துக்கு நடுவில் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். மாடி ஜன்னலில் நீட்டிய கையோடு அக்கா உறைந்துபோயிருந்தார். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன.

"எல்லிம்மா? எங்கே?" என்று சூப்பர்வைசர் கீழேயிருந்து கத்தினார். "வாயில இருக்கறதைத் துப்பிட்டுச் சொல்லும்மா, போயிடப் போகுது!"

பெப்பர்மிண்ட் இரண்டும் வந்து எங்கள் காலடியில் விழுந்தன.

"மேல பாருங்க மேடம்," என்று அக்கா கத்தினார், கண்டோன்மெண்ட் முழுக்கக் கேட்கும்படி. "மேல, மேல!"